அறுபதாயிரம் பேரும் ஒரு துப்பாக்கியும்: ‘தி வாரியர்ஸ்’ படத்தின் கும்பல்கள் எங்கிருந்து வந்தன?

நியூயார்க்கின் தெருக் கும்பல்களைப் பற்றி 1979இல் வெளிவந்த ‘தி வாரியர்ஸ்’ என்ற அமெரிக்கப் படம் மறுபடியும் பேச்சில் அடிபடுகிறது. இசை நாடகக் கலைஞர்களான லின் மானுவல் மிராண்டாவும் ஐசா டேவிஸும் அந்தக் கதையை 2024 அக்டோபரில் ஒரு முழு இசைத்தொகுப்பாக வெளியிட்டதுதான் காரணம். பாடல்களைக் கேட்டுவிட்டுப் பழைய படத்தைத் தேடிப் பார்ப்பவர்கள் குழம்பிப் போகிறார்கள். முகத்தில் சாயம் பூசி, பேஸ்பால் சீருடையில் மட்டையுடன் திரிந்த கும்பல் உண்மையிலேயே நியூயார்க்கில் இருந்ததா? ஒரே இரவில் நூறு கும்பல்கள் ஒரு பூங்காவில் கூடினவா? கும்பல் படம் என்கிறார்கள், ஆனால் போதை மருந்து, மாமூல், கொள்ளை எதுவும் கண்ணில் படவில்லையே, பிறகு இவர்கள் எதற்காகத்தான் கும்பல் சேர்கிறார்கள்?

கடைசிக் கேள்விதான் சரியான வாசல். இதைக் குற்றக் கதையாகப் பார்த்தால் எதுவும் பொருந்தாது. போர்க் கதையாகப் பார்த்தால் எல்லாம் பொருந்தும். இந்தக் கும்பல்கள் குட்டி அரசுகளாகவே வடிவமைக்கப்பட்டிருக்கின்றன.

கதை, சுருக்கமாக

கிராமர்சி ரிஃப்ஸ் என்பது நகரத்திலேயே பெரிய கும்பல். அதன் தலைவன் சைரஸ், எல்லாக் கும்பல்களையும் பிராங்ஸ் பகுதியின் வான் கோர்ட்லாண்ட் பூங்காவுக்கு அழைக்கிறான். கும்பலுக்கு ஒன்பது பேராளர்கள் வரலாம், யாரும் ஆயுதம் கொண்டுவரக் கூடாது என்பது நிபந்தனை. நகரத்தின் தென்கோடியில், கடற்கரையை ஒட்டிய கோனி ஐலண்டிலிருந்து வாரியர்ஸ் கும்பலின் ஒன்பது பேர் போகிறார்கள். சைரஸ் பேசிக்கொண்டிருக்கும்போதே ரோக்ஸ் கும்பலின் தலைவன் லூதர் அவனைச் சுட்டுவிட்டு, பழியை வாரியர்ஸ் மேல் போடுகிறான். அதே நேரத்தில் போலீஸ் வந்து கூட்டத்தைக் கலைக்கிறது. வாரியர்ஸ் தலைவன் கிளியோன் ரிஃப்ஸிடம் அகப்பட்டுக்கொள்கிறான். மிச்சமுள்ள எட்டுப் பேர், நகரம் முழுவதும் தங்களைத் தேடும் இரவில், நேர்க்கோட்டில் சுமார் 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தங்கள் பேட்டைக்குத் திரும்ப வேண்டும்.

படம் இவ்வளவுதான். வால்டர் ஹில் இயக்கியது. 1978 கோடையில் பெரும்பாலும் இரவுகளில் நியூயார்க்கின் தெருக்களிலேயே எடுத்தார்கள். வான் கோர்ட்லாண்ட் பூங்கா என்று காட்டப்படும் இடம்கூட உண்மையில் மன்ஹாட்டனின் ரிவர்சைடு பூங்காதான்.

ஒரு கும்பலை அரசாக்குபவை எவை?

1. பேட்டை. ஒவ்வொரு கும்பலுக்கும் எல்லை உண்டு. அடுத்தவன் எல்லைக்குள் நடந்து போவதற்கே அனுமதி வேண்டும். வாரியர்ஸ் வீடு திரும்பும் வழி ஊர்வழி அல்ல, வரிசையாக அமைந்த அந்நிய நாடுகளின் வழி.

2. சீருடை. கும்பலின் பெயரையும் சின்னத்தையும் தாங்கிய உடையை அவர்கள் ‘கலர்ஸ்’ என்பார்கள். வாரியர்ஸுக்குக் கையில்லாத தோல் மேல்சட்டை, முதுகில் பெயர். பாப்பர்ஸுக்கு ஊதா மேல்சட்டையும் தொப்பியும். ஹை ஹாட்ஸ் மௌனநாடகக் கலைஞர்களைப் போல வெள்ளை முகத்துடன் உயரத் தொப்பி அணிந்தவர்கள். பங்க்ஸ் தோள்வார் வைத்த தொழிலாளர் உடுப்பில் இருப்பார்கள், ஒருவன் சக்கரக் காலணியில் வருவான். டர்ன்புல் ஏசிஸ் மொட்டைத் தலையர்கள், கிறுக்கி வைத்த பழைய பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேட்டைக்கு வருவார்கள். பேஸ்பால் ஃப்யூரீஸ் வாயே திறப்பதில்லை. சாயம் பூசிய முகமும் மட்டையும் போதும்.

3. உடன்படிக்கை. போர்நிறுத்தம் என்று ஒன்று இருக்கிறது. அதை எல்லோரும் மதிக்கிறார்கள், லூதரைத் தவிர.

4. பதவிகள். கிளியோன் தலைவன். ஸ்வான் போர்த் தளபதி. ரெம்பிராண்ட் கையில் சாயக் குப்பியோடு போகிறவன். வாரியர்ஸ் வந்துபோன சுவடு அவன் எழுதும் எழுத்துதான். ஃபாக்ஸுக்கு மற்றக் கும்பல்களின் சங்கதி எல்லாம் அத்துப்படி. தூதுவன் வேலையும் உளவாளி வேலையும் அவனுடையவை.

இல்லாததையும் சொல்ல வேண்டும். வருமானம் இல்லை. இவர்கள் எதை விற்கிறார்கள், யாரிடம் பணம் பறிக்கிறார்கள் என்று படம் காட்டுவதே இல்லை. துப்பாக்கியும் ஏறத்தாழ இல்லை. போலீசாரை விட்டுவிட்டால் லூதரிடமும், லிஸ்ஸீஸ் என்ற பெண்கள் கும்பலிடமும் மட்டுமே துப்பாக்கியைப் பார்க்கிறோம். மற்றபடி மட்டை, கட்டை, சங்கிலி, வெறுங்கை. நகரத்தையே நடுங்க வைக்கும் கும்பல்களைப் பற்றிய படம் என்ற பெயருக்கு, திரையில் விழும் பிணங்கள் வியக்கத்தக்க அளவுக்குக் குறைவு. வன்முறைப் படம் என்று இதைத் திட்டியவர்களில் எத்தனை பேர் உட்கார்ந்து பார்த்தார்கள் என்ற ஐயம் வருவது இயல்பு.

ஆர்ஃபன்ஸ் வழிமறித்த தெரு

இந்த அரசு இலக்கணம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு காட்சியை மட்டும் நெருங்கிப் பார்த்தால் போதும்.

தண்டவாளத்துக்கு அருகே தீ. ரயில் நின்றுவிடுகிறது. எட்டுப் பேரும் டிரீமாண்ட் பகுதியில் இறங்கி நடக்க வேண்டியதாகிறது. அது ஆர்ஃபன்ஸ் கும்பலின் பேட்டை. அழுக்குப் பனியன் போட்ட, வறிய கூட்டம். நகரத்தின் கும்பல் வரைபடத்திலேயே இல்லாத கும்பல். சைரஸின் மாநாட்டுக்கு இவர்களுக்கு அழைப்பே வரவில்லை. அப்படி ஒரு மாநாடு நடந்தது என்பதே பிறர் சொல்லித்தான் தெரியவருகிறது.

ஃபாக்ஸ் முன்னால் போய்ப் பேச்சு நடத்துகிறான். ஆர்ஃபன்ஸ் தலைவன், தன் கும்பலைப் பற்றிப் பத்திரிகையில் வந்த துணுக்கை எடுத்து நீட்டுகிறான். எங்களுக்கும் பெயர் இருக்கிறது, பார் என்பது போல. ஃபாக்ஸ் முகத்தில் சிரிப்பு வராமல் பார்த்துக்கொள்கிறான். ‘உங்களைப் பற்றித்தான் ஊரே பேசுகிறது’ என்கிற தோரணையில் புகழ்கிறான். அந்தப் புகழ்ச்சி பலிக்கிறது. போக அனுமதி கிடைத்துவிடுகிறது. அப்போது அந்தப் பேட்டையில் வாழும் மெர்சி என்ற பெண் குறுக்கிட்டு, இத்தனை பேர் சீருடையோடு நம் தெருவில் அணிவகுத்துப் போக விடுவதா என்று தலைவனைச் சீண்டுகிறாள். உடனே நிபந்தனை மாறுகிறது. மேல்சட்டைகளைக் கழற்றிவிட்டு, சாதாரண மக்களாகப் போகலாம்.

ஸ்வான் மறுக்கிறான். எண்ணிப் பார்த்தால் இது சுத்த முட்டாள்தனம். தோல் சட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போயிருந்தால் சண்டையே இல்லை. நகரமெங்கும் ஆளைத் தேடுபவர்களுக்கு அடையாளமும் கிடைத்திருக்காது. ஆனால் அரசுகளின் கணக்கில் அது முட்டாள்தனம் அல்ல. சீருடையோடு கடந்தால் படை, கழற்றிவிட்டுக் கடந்தால் சரணடைந்தவர்கள். ஆர்ஃபன்ஸுக்கு வேண்டியதும் அதுதான். தங்கள் முன்னால் ஒரு பெயருள்ள கும்பல் பணிந்தது என்று நாளைக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும். இரு தரப்பும் துணிக்காக மோதவில்லை, அங்கீகாரத்துக்காக மோதுகின்றன. கடைசியில் பெட்ரோல் குண்டு ஒன்று காரின் மேல் வெடிக்கிறது, வாரியர்ஸ் சட்டையோடு ஓடுகிறார்கள், மெர்சியும் அவர்களோடு வந்துவிடுகிறாள்.

படத்தின் பிற்பகுதியில் ரயிலில் நடக்கும் இன்னொரு சிறு காட்சியையும் இதன் அருகில் வைக்கலாம். ஸ்வானும் மெர்சியும் சேறும் வியர்வையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். பள்ளி நடன விருந்து முடித்துத் திரும்பும் இரண்டு ஜோடிகள் பளபளக்கும் உடையில் எதிரே வந்து அமர்கின்றன. மெர்சியின் கை தானாகத் தலைமுடியைச் சரிசெய்ய எழுகிறது. ஸ்வான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிடுகிறான். வசனமே இல்லை. சீருடை இல்லாத மெர்சிக்கு இந்தப் படத்தில் கிடைக்கும் ஒரே பட்டமளிப்பு அது. வர்க்கம் என்ற விஷயத்தைப் படம் நேரடியாகத் தொடும் இடமும் அநேகமாக இது ஒன்றுதான்.

சைரஸின் கூட்டல் கணக்கு

மாநாட்டில் சைரஸ் ஆற்றும் உரையைப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். அதிலுள்ள எண்களை யாரும் சரிபார்ப்பதாகத் தெரியவில்லை. அவன் கணக்கு இப்படிப் போகிறது:

1. வந்திருப்பவை நூறு கும்பல்கள். வராதவை இன்னும் நூற்றுக்கு மேல்.
2. இவற்றில் தீவிர உறுப்பினர்கள் 20,000 பேர்.
3. சார்ந்தவர்களையும் சேர்த்தால் 40,000.
4. அமைப்பில் இல்லாமல், ஆனால் சண்டைக்குத் தயாராக இருப்பவர்கள் இன்னும் 20,000. ஆக 60,000 பேர்.
5. நகரத்தில் உள்ள போலீசார் 20,000 பேர் மட்டுமே.

அதாவது மூன்றுக்கு ஒன்று. இருநூறு கும்பல்களில் 20,000 பேர் என்றால் கும்பலுக்கு நூறு பேர் என்ற கணக்கு வரும். இதுவரை நியாயம். ஆனால் அறுபதாயிரத்தில் மூன்றில் ஒரு பங்கு எந்தக் கும்பலிலும் சேராதவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் இல்லாதவர்களையும் தன் ஓட்டு என்று எண்ணும் அரசியல்வாதியின் கணக்கு இது. கைதட்டலுக்கு நடுவே அது கரைந்துவிடுகிறது.

படத்தின் சுவரொட்டி இன்னும் ஒரு படி மேலே போனது. இரவின் படைகள் ஒரு லட்சம் பேர், போலீசாரை விட ஐந்து மடங்கு என்று அறிவித்தது. போலீஸ் எண்ணிக்கை அதே 20,000தான். கும்பல் எண்ணிக்கையை மட்டும் விளம்பரத் துறை நாற்பதாயிரம் கூட்டிக்கொண்டது. அந்த நாற்பதாயிரத்துக்குப் பிற்பாடு விலை கொடுக்க நேர்ந்தது. அதைக் கீழே பார்க்கலாம்.

போலீசார் குறைவு என்ற பேச்சு அன்றைய பார்வையாளர்களுக்குக் கற்பனையாகத் தோன்றியிருக்காது. 1975இல் நியூயார்க் மாநகராட்சி ஏறத்தாழத் திவாலாகும் நிலைக்கு வந்தது. அந்த ஆண்டு ஜூலை 1 அன்று ஏறத்தாழ 5,000 போலீசார் ஒரே நாளில் வேலையிழந்தார்கள். 1977 ஜூலை 13 இரவு நகரம் முழுவதும் மின்சாரம் போய், விடிய விடியக் கடைகள் சூறையாடப்பட்டன. படப்பிடிப்பு நடந்தது அதற்கு அடுத்த கோடையில்.

உரையின் உண்மையான பொருள் எண்களுக்குப் பின்னால் இருக்கிறது. பத்தடி நிலத்துக்காக நமக்குள் அடித்துக்கொண்டது போதும், நகரம் முழுவதும் நம்முடையது, ஒன்று சேர்ந்தால் மாஃபியாக்களிடமும் போலீசாரிடமும் நாமே வரி வசூலிக்கலாம் என்கிறான் சைரஸ். வரி என்றே சொல்கிறான். சிதறிக் கிடக்கும் சிற்றரசுகளை ஒரே பேரரசாக்கும் திட்டம் அது. லூதரின் குண்டு அழித்தது அந்தத் திட்டத்தை. ஏன் சுட்டாய் என்று கடைசியில் கேட்கும்போது லூதர் சொல்லும் பதில் இன்றும் துணுக்குறச் செய்கிறது: காரணம் ஒன்றும் இல்லை, இப்படிச் செய்வது பிடிக்கும். ஒவ்வொருவரும் ஏதோ ஒரு விதிக்குக் கட்டுப்படும் உலகில் எந்த விதிக்கும் கட்டுப்படாத ஒருவன். படத்தின் வில்லன் கும்பல் அல்ல, அந்த ஒருவன்தான்.

பாபிலோனிலிருந்து கோனி ஐலண்டுக்கு

சைரஸ், கிளியோன், வாரியர்ஸில் இன்னொருவனான ஏஜாக்ஸ் என்ற பெயர்கள் பிராங்ஸ் தெருக்களில் கேட்டவை அல்ல. அவை கிரேக்க வரலாற்றிலிருந்தும் காவியத்திலிருந்தும் வந்தவை.

கி.மு. 401இல் பாரசீக இளவரசன் இளைய சைரஸ், தன் அண்ணனான மன்னன் இரண்டாம் அர்தசெர்க்சஸை வீழ்த்தி அரியணை ஏற முயன்றான். அதற்காகப் பத்தாயிரம் கிரேக்கக் கூலிப்படையினரைத் திரட்டிக்கொண்டு போனான். பாபிலோனுக்கு அருகே குனாக்சாவில் நடந்த போரில் சைரஸ் கொல்லப்பட்டான். கிரேக்கத் தளபதிகளைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்துப் பிடித்துக் கொன்றார்கள். தலைவர்களை இழந்த படை, புதிய தலைவர்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, பகை இனத்தாரின் நாடுகள் வழியாக வடக்கே கருங்கடல் வரை நடந்தே போனது. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஒருவரான செனோஃபோன் பிற்பாடு அந்தப் பயணத்தை ‘அனபாசிஸ்’ என்ற நூலாக எழுதினார். மலையுச்சி ஏறிய வீரர்கள் தொலைவில் கடலைக் கண்டு ‘கடல்! கடல்!’ என்று கூவியது அந்த நூலின் புகழ்பெற்ற இடம்.

அழைத்தவன் சாகிறான், தலைவன் கூட்டத்திலேயே சிக்குகிறான், இளையவன் தலைமை ஏற்கிறான், வழியெங்கும் விரோதிகள், முடிவில் கடல். படத்தின் எலும்புக்கூடு முழுவதும் அதுதான்.

இந்த ஒப்புமையைச் செய்தவர் வால்டர் ஹில் அல்ல, நாவலாசிரியர் சால் யூரிக். நியூயார்க் நகரச் சமூகநலத் துறையில் வேலை பார்த்தவர். உதவித்தொகை பெறும் குடும்பங்களோடு பழகியதில் அங்கிருந்த இளைஞர்களை அறிந்தவர். அவருடைய ‘தி வாரியர்ஸ்’ நாவல் 1965இல் வந்தது. ஆனால் நாவலின் கும்பல் வேறு. அங்கே அவர்கள் கோனி ஐலண்ட் டாமினேட்டர்ஸ், கறுப்பின, ஹிஸ்பானியச் சிறுவர்கள். மாநாட்டைக் கூட்டும் தலைவனின் பெயர் இஸ்மாயில். கதை நடப்பது ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினத்தின் இரவில். கொலையும் பாலியல் வன்முறையும் நாயகர்களே செய்கிறார்கள். படிக்கும்போது அவர்கள் மேல் பரிவும் வெறுப்பும் மாறி மாறி வரும். கும்பலில் ஒரு சிறுவன், கிரேக்க வீரர்கள் வீடு திரும்பும் கதையைப் படக்கதைப் புத்தகமாக வைத்துப் படித்துக்கொண்டு வருவான்.

ஹில் அந்தச் சிறுவன் கையிலிருந்த படக்கதையைத்தான் படமாக்கினார் என்று சொல்லலாம். யதார்த்தம் போனது, சீருடைகள் வந்தன. கறுப்பின நடிகர்களை மட்டுமே வைத்து எடுக்க விரும்பியதாகவும், ஸ்டுடியோ ஒப்புக்கொள்ளவில்லை என்றும் ஹில் பேட்டிகளில் கூறியிருக்கிறார். அதனால்தான் வாரியர்ஸ் பல இனத்தவர் கலந்த கும்பலாக இருக்கிறது. அன்றைய நியூயார்க்கில் அப்படிப்பட்ட கலப்புக் கும்பல் அரிது. பெரும்பாலான கும்பல்கள் இன அடிப்படையில், குடியிருக்கும் தெருவின் அடிப்படையில் அமைந்தவை. இது படத்தின் மிகப் பெரிய பொய். ஆனால் இந்தப் பொய் இல்லாவிட்டால் கும்பல்களின் பகை இனப் பகையாகப் படிக்கப்பட்டிருக்கும், கதையின் போர் இலக்கணம் சிதைந்திருக்கும். யூரிக்குக்குப் படம் பிடிக்கவில்லை. அவர் இடத்தில் யார் இருந்தாலும் பிடித்திருக்காது.

ரயிலும் வானொலியும்

கதை நடக்கச் சாத்தியமாவது இரண்டு விஷயங்களால். ஒன்று, நியூயார்க்கின் சுரங்க ரயில் இரவு முழுவதும் ஓடும். உலகின் பெரும்பாலான நகரங்களில் நள்ளிரவுக்குப் பிறகு இந்தக் கதை நிலையத்தின் பூட்டிய கதவோடு முடிந்திருக்கும். ரயில் நின்றால் அந்நிய நாடு, ரயில் ஓடினால் தற்காலிகப் பாதுகாப்பு. அங்கும் போலீஸ் உண்டு. அந்தக் காலத்தில் ரயில்களுக்கென்றே தனிப் போலீஸ் படை இருந்தது, 1995இல்தான் அது மாநகரப் போலீசோடு இணைந்தது. ஃபாக்ஸ் ஒரு போலீஸ்காரனோடு மல்லுக்கட்டும்போது தண்டவாளத்தில் விழுந்து ரயிலில் அடிபட்டுச் சாகிறான். கும்பல்களால் முடியாததை நகரம் செய்துவிடுகிறது.

இரண்டாவது, வானொலி. ஒலிபரப்பும் பெண்ணின் வாய் மட்டுமே திரையில் தெரியும். அவள் பாட்டுப் போடும் சாக்கில் வாரியர்ஸ் எங்கே இருக்கிறார்கள், வேட்டை எந்த அளவில் இருக்கிறது என்று எல்லாக் கும்பல்களுக்கும் சொல்கிறாள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் மட்டும் அதைக் கேட்பதில்லை. தங்கள் மேல் பழி விழுந்திருக்கிறது என்பதே அவர்களில் பெரும்பாலோருக்கு நெடுநேரம் தெரியாது.

1971: நிஜமாக நடந்த மாநாடு

பூங்கா மாநாட்டுக் காட்சி, பிராங்ஸில் 1971 டிசம்பர் 8 அன்று நடந்த ஹோ அவென்யூ சமாதானக் கூட்டத்தை அடிப்படையாகக் கொண்டது என்று பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. தேதியைப் பார்த்தாலே இது தவறு என்று விளங்கும். மாநாடு நாவலிலேயே இருக்கிறது. நாவல் ஆறு ஆண்டுகள் முந்தியது. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பயன் உண்டு.

கெட்டோ பிரதர்ஸ் என்பது தென் பிராங்ஸின் கும்பல். பெரும்பாலும் புவர்ட்டோ ரிக்கர்கள், இசைக்குழுவும் நடத்தியவர்கள். மோதிக்கொள்ளவிருந்த கும்பல்களுக்கு இடையே சமாதானம் பேச, ‘பிளாக் பெஞ்சி’ என்று அழைக்கப்பட்ட தங்கள் ஆளை அனுப்பினார்கள். அவரை அங்கேயே அடித்துக் கொன்றுவிட்டார்கள். பிராங்ஸ் முழுவதும் பழிவாங்கலை எதிர்பார்த்தது. கெட்டோ பிரதர்ஸ் அதைச் செய்யவில்லை. சில நாட்களில் ஹோ அவென்யூவிலிருந்த சிறுவர் மன்றத்தில் பல கும்பல்களின் தலைவர்கள் கூடி, சண்டை நிறுத்த உடன்படிக்கை செய்துகொண்டார்கள். பிளாக் ஸ்பேட்ஸ், சாவேஜ் ஸ்கல்ஸ் போன்ற பெரிய கும்பல்களும் அங்கே இருந்தன.

படத்தில் சமாதானம் பேசியவன் கொல்லப்பட்டதும் வேட்டை தொடங்குகிறது. பிராங்ஸில் சமாதானம் பேசியவர் கொல்லப்பட்டதும் ஒப்பந்தம் வந்தது. அந்த ஒப்பந்தம் கும்பல் சண்டையை முற்றாக ஒழிக்கவில்லை. ஆனால் ஒருவர் பேட்டைக்கு மற்றவர் நடந்து போக முடிந்தது, ஒரே விருந்தில் ஆட முடிந்தது. ஹிப் ஹாப் இசை பிறந்த தெரு விருந்துகள் அந்தச் சூழலில்தான் சாத்தியமாயின. பிளாக் ஸ்பேட்ஸிலிருந்து வந்த ஆஃப்ரிகா பம்பாட்டா பின்னர் ஸூலு நேஷன் என்ற கலை அமைப்பை உருவாக்கினார்.

உண்மையிலிருந்து படத்துக்குள் நேராக வந்தது ஒன்று உண்டு, அது உடை. பிராங்ஸ் கும்பல்கள் மோட்டார் சைக்கிள் கும்பல்களைப் பார்த்து, கை வெட்டிய டெனிம் சட்டைகளின் முதுகில் பெயரையும் சின்னத்தையும் தைத்துக்கொண்டார்கள். வாரியர்ஸின் மேல்சட்டை அதன் நேர் வாரிசு. பேஸ்பால் சீருடையும் உயரத் தொப்பியும் ஹில்லும் ஆடை வடிவமைப்பாளர் பாபி மானிக்ஸும் சேர்ந்து செய்த கற்பனை. முதல் பத்தியின் கேள்விக்குப் பதில்: அப்படியொரு பேஸ்பால் கும்பல் இருந்ததில்லை.

1979 பிப்ரவரி

படம் பிப்ரவரி 9 அன்று வெளியானது. அடுத்த ஒரு வாரத்துக்குள் கலிபோர்னியாவில் இரண்டு கொலைகள், பாஸ்டனில் ஒன்று. மூன்றும் இந்தப் படத்தைப் பார்க்க வந்தவர்கள் அல்லது பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் சம்பந்தப்பட்டவை. பத்திரிகைகள் படத்தின் மேல் பாய்ந்தன. படத்தை வெளியிட்ட பாரமவுண்ட் நிறுவனம் விளம்பரங்களை அடக்கி வாசித்தது, படத்தை எடுத்துவிட விரும்பிய திரையரங்குகளை அனுமதித்தது, காவலாளிகளுக்கான செலவை ஏற்பதாகவும் சொன்னது. ‘ஒரு லட்சம் பேர்’ சுவரொட்டிதான் முதலில் பலியானது. அந்த வாசகம், திரையரங்குக்கு வரும் கும்பல் இளைஞர்களைப் பார்த்துப் பேசியது போலவே இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. படத்தை விட விளம்பரமே ஆபத்தானது என்று சொன்னால் மிகை ஆகாது.

பாஸ்டனில் இறந்த பதின்வயதுச் சிறுவனின் குடும்பத்தார் பாரமவுண்ட் மேல் வழக்குத் தொடுத்தார்கள். 1989இல் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. படம் எந்த இடத்திலும் பார்வையாளரை வன்முறைக்குத் தூண்டும்படி பேசவில்லை, ஆகவே கருத்துச் சுதந்திரத்தின் பாதுகாப்பு அதற்கு உண்டு என்பது தீர்ப்பின் சாரம். வன்முறையைக் காட்டுவது வேறு, வன்முறை செய் என்று தூண்டுவது வேறு என்ற சட்ட வேறுபாடு இங்கே தெளிவாக நின்றது.

அதே வாரத்தில், பிப்ரவரி 13 அன்று, பிராங்ஸில் கர்டிஸ் ஸ்லீவா என்ற இளைஞர் பதின்மூன்று பேரோடு ரயில்களில் ரோந்து சுற்ற ஒரு தன்னார்வக் குழுவைத் தொடங்கினார். அதுதான் கார்டியன் ஏஞ்சல்ஸ். பயணிகளைக் கும்பல்களிடமிருந்து காப்பது நோக்கம். சிவப்புத் தொப்பி, ஒரே மாதிரிப் பனியன், ஆயுதம் இல்லை, ரயிலே பேட்டை. கும்பலை எதிர்த்தவர்களும் கும்பலின் வடிவத்தையே எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது

2005இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஹில் தன் விருப்பப்படி திருத்திய பதிப்பை வெளியிட்டார். பாரசீகத்தில் சிக்கிய அந்தக் கிரேக்கப் படையைச் சொல்லித் தொடங்கும் அந்தப் பதிப்பில் காட்சிகளுக்கு இடையே படக்கதைச் சட்டகங்கள் வருகின்றன. ஒளிந்திருந்ததை உரக்கச் சொல்லும் இந்தத் திருத்தம் தேவையற்றது என்பது என் கருத்து. முதற்பதிப்பில் பார்ப்பவர் தானே கண்டுபிடிப்பார். ராக்ஸ்டார் நிறுவனத்தின் வீடியோ கேம் அதே ஆண்டு வந்தது. கதை படத்துக்கு முந்தைய மாதங்களில் தொடங்கும். பூங்காவில் நொடிப்பொழுதில் கடந்துபோன கும்பல்களுக்கெல்லாம் அதில் பேட்டையும் பகையும் வரலாறும் கிடைத்தன. இணையத்தில் இந்தக் கும்பல்களைப் பற்றிக் கிடைக்கும் ‘வரலாறு’ பலவும் விளையாட்டிலிருந்து வந்தது, படத்தில் இல்லாதது. தேடிப் படிப்பவர்கள் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

2024 இசைத்தொகுப்பு வாரியர்ஸைப் பெண்கள் கும்பலாக மாற்றிவிட்டது. லாரின் ஹில் சைரஸாகப் பாடுகிறார். டர்ன்புல் ஏசிஸ் ஸ்பானிய மொழியில், மார்க் அந்தோணியின் குரலில் வருகிறார்கள். படத்தின் லிஸ்ஸீஸ் இங்கே பிஸ்ஸீஸ் என்ற பெயரில் இனிக்கப் பாடும் ஆண்கள் குழு. ஹில்லின் சீருடைகளுக்குப் பதிலாகக் கும்பலுக்கொரு இசை வகை. கேட்டவுடனே யார் பேட்டை என்று தெரிந்துவிடும்.

பெண்களாக மாற்றியதற்கு மிராண்டா சொன்ன காரணம் கேமர்கேட். 2014இல் வீடியோ கேம் துறைப் பெண்கள் மேல் இணையத்தில் பழி சுமத்தி, கூட்டம் கூட்டமாகத் துரத்திய விவகாரம் அது. ஒருவன் பொய் சொல்கிறான், ஒலிபரப்பு அதை ஊரெங்கும் கொண்டு செல்கிறது, குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குத் தங்கள் மேல் என்ன பழி என்பதுகூட எட்டுவதில்லை. 1979 படத்தில் வேட்டைச் செய்தி ஒரே வானொலி நிலையத்திலிருந்து வந்தது. ரிஃப்ஸ் நினைத்தால் நிறுத்திவிடலாம். உண்மை தெரிந்ததும் அவர்கள் அப்படித்தான் நிறுத்துகிறார்கள். அந்தப் பெண் குரல் வாரியர்ஸிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒரு பாட்டுப் போடுகிறது.